அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போடவும்

எங்கள் ஊர்ச் செய்தித்தாள் ஆபீசுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் கண்ணாடிக் கதவு, செடித் தொட்டி, சோபா எல்லாம் போட்டு ஜோராக வைத்திருப்பார்கள். அது விளம்பரம் கொடுக்கிறவர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும். பக்கவாட்டுச் சந்தில் இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கே ஒரு ஜன்னல், ஒரு மர பெஞ்சு, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சுற்றுகிற ஒரு மின்விசிறி. அது மரண அறிவிப்புக் கொடுக்க வருகிறவர்களுக்கு. முப்பத்தொரு வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவரைப் பற்றி ஒரு வரிகூட அந்தப் பேப்பர் இதுவரை எழுதியதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஊரில் அவருக்கு 'இன்னும்யாரக்கா' என்று பெயர். கேலிப் பெயர்தான். ஆனால் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். துக்கத்தோடு வருகிறவர்களுக்கு நிதானம் இருக்காது. செத்தவருக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் இரண்டு பேரைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை ஜன்னல் வழியாக நகர்த்திவிட்டு, "இன்னும் யாரு?" என்பார். அவர்கள் ஒரு பேரன், ஒரு மருமகள் என்று ஞாபகப்படுத்திச் சொல்வார்கள். எழுதிக்கொண்டு மறுபடியும் "இன்னும் யாரு?" என்பார். மூன்று தடவை கேட்காமல் விடமாட்டார். மூன்றாவது தடவைதான் விஷயமே இருக்கிறது என்பார் அக்கா. அப்போதுதான் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். ஒருத்தர் தொண்டையைக் கனைப்பாராம். "அவ பேரு வேண்டாம்" என்று யாராவது மெல்லச் சொல்வார்களாம்.

ஜன்னலுக்கு மேலே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்புத் தொங்கும். 'அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போடவும்.' அது ஆபீஸ் வைத்தது இல்லை, அக்கா வைத்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் ஊரில் ஒரு மரக்கடைக்காரர் செத்துப்போனார். பெரிய மகன் வந்து, எழுதிக் கொடுத்த தாளிலேயே தம்பி பெயரை அடித்துவிட்டுப் போனான். மறுநாள் காலை தம்பிக்காரன் வந்து ஜன்னலை உடைக்காத குறையாகக் குத்தி, "என் பேரை எதுக்குடி எடுத்தே?" என்று சந்தே அதிரக் கத்தியிருக்கிறான். "நான் எடுக்கலைங்க, உங்க அண்ணன்" என்று அக்கா சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன்காரனோ, "நான் எங்கே அடிச்சேன், இந்தம்மாதான் விட்டுட்டாங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டான். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். "துக்க வீட்டுக்காரங்கம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். அக்கா மன்னிப்புக் கேட்டார், அதோடு அனுசரிக்கிற வேலையை நிறுத்திக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே அட்டையை எழுதி, யாரையும் கேட்காமல் மாட்டிவிட்டார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர்களிடம், "அப்ப அந்தப் பேரு நாளைக்கு வரும்" என்று சொல்லிப் பேனாவை மூடிவிடுவாராம். எத்தனையோ மேனேஜர்கள் வந்து போனார்கள். அட்டையை எடுக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

அந்த வேலையால் அவருக்கு ஊரில் நல்ல பெயரா கிடைத்தது? சொந்தக்காரர்களே அவரைக் கல்யாண வீட்டில் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். "நல்ல நாளும் அதுவுமா இவ மொகத்துலயா முழிக்கணும்" என்று ஒரு சித்தி அவர் காதுபடவே சொன்னாளாம். அன்றைக்கு அக்கா நேராகப் போய் முதல் வரிசையில், மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "எமனுக்குத் தகவல் போறதுக்கு முன்னாடி எங்க வீட்டம்மாவுக்கு வந்துடும்" என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொள்வார். இப்படிப்பட்ட ஜோடி.

இனி என் கதை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என்னிடம் வருவது பெரும்பாலும் பெண்கள். "கிளட்சை மெதுவா விடுன்னு சொன்னேனா இல்லையா" என்று நான் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும், அப்படியும் என்னிடம்தான் வருகிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஒப்புக்கொள்கிறேன். அது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா தபால்காரர். நாய் வளர்க்கிற வீட்டு வாசலில் நின்று, நாயையும் வீட்டுக்காரரையும் சேர்த்துத் திட்டிவிட்டுத் தபாலைக் கொடுப்பார்.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் புருஷனை விட்டு வந்தேன். கை நீட்டுகிறவன். அதற்கு மேல் அவனைப் பற்றி எழுதி இந்தத் தாளைக் கெடுப்பானேன். ஒரு துணிப் பையும் ஓட்டுநர் உரிமமும்தான் கையில் இருந்தன. அப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். அப்பா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திண்டாடின மாதிரி நின்றார், பிறகு உள்ளே போய்விட்டார். அண்ணன்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினான். "இந்த வீட்டுல உனக்கு எடமில்ல. அப்பா உன்னைத் தலைமுழுகிட்டார்." அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள், இருந்திருந்தால் கதை வேறு. அன்றைக்கு இறங்கினவள்தான், திரும்ப அந்தப் படியை மிதிக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து அப்பா செத்தார். அது எனக்குப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். புதன்கிழமை காலை, ஒரு டீச்சரம்மாவுக்குப் பாடம். அவர் வரத் தாமதமானதால் வண்டியிலேயே உட்கார்ந்து பேப்பரைப் புரட்டினேன். அப்பா படம். திங்கட்கிழமை காலமானார். இறுதி நிகழ்ச்சி செவ்வாய் மாலை நடந்தது. பின்னால் இருப்பவர்கள்: மகன், மருமகள், பேத்தி. அவ்வளவுதான். என் பெயர் இல்லை. நான்கு தடவை படித்தேன், ஏதோ எழுத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிற மாதிரி.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "எடுத்தாச்சு, இனிமே வந்து என்ன பண்ணப் போறே" என்றான். "என் பேரை ஏன் போடல?" என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேளுங்கள். "அந்த அறிவிப்பை நான் எழுதல. அப்பா சாகறதுக்கு முன்னாடி தன் கையாலேயே எழுதி வெச்சிருந்தார். அதுல உன் பேரு இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

அந்த ஒரு பேச்சு பத்தொன்பது வருஷம் என்னோடு இருந்தது. அடித்த புருஷனைக்கூட மறந்துவிட்டேன், இதை மறக்க முடியவில்லை. அப்பா பேசாமல் இருந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம். கோபக்காரருக்கு மனசு உண்டு. ஆனால் உட்கார்ந்து, பேனா எடுத்து, நிதானமாக எழுதி, அதில் என்னை விட்டார் என்றால் நான் அவருக்கு இல்லை என்றுதானே அர்த்தம்?

இந்த வருஷம் அண்ணன் மகள் போன் பண்ணினாள். வெளியூரில் வேலை பார்க்கிறாள், நல்ல பெண். குடும்பத்தின் கொடிவழி எடுக்கிறாளாம். அடுத்த மாதம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடும்போது புத்தகமாகக் கொடுக்கப் போகிறார்களாம்.

"நகராட்சி ஆபீஸ்ல தாத்தாவோட இறப்புப் பதிவு கிடைச்சிடுச்சு அத்தை. அதுல செத்த தேதி, எடம், காரணம், தகவல் சொன்னவர் பேரு, இவ்வளவுதான் இருக்கு. பிள்ளைங்க பேரெல்லாம் அதுல வராது. அதனால பேப்பர் அறிவிப்பைத் தேடி எடுத்தேன். அதுல நீங்க இல்ல."

"அது எனக்குத் தெரியும்டி."

"எழுத்துல இருக்கறதைத்தான் புஸ்தகத்துல போடணும்னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கறார். உங்ககிட்ட ஏதாவது காகிதம் இருக்கா?"

"நானே முழுசா இருக்கேனே, போதாதா?"

"எனக்குப் போதும் அத்தை. அப்பாவுக்குப் போதாது. நீங்க பொறந்ததை அவர் இல்லைங்கல. தாத்தாவே விட்ட பேரை நான் எப்படிச் சேக்கறதுங்கறார்."

அண்ணன் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைக் கேட்டாலும் எழுத்தில் இருக்கிறதா என்பான். சரி, எழுத்தைத்தானே பார்க்க வேண்டும், பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். புத்தகத்தில் என் பெயர் வருகிறதோ இல்லையோ, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா கையால் எழுதிய அந்தத் தாளை என் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் நான் இல்லையென்றால் இல்லை, தொலையட்டும், அதோடு அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது. ஆனால் அடுத்தவன் வாயால் கேட்டதை இன்னும் எத்தனை வருஷம் சுமப்பது?

முன்வாசலில்தான் முதலில் போனேன். மேனேஜர் சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை. "பழைய பேப்பர் எல்லாமே கம்ப்யூட்டர்ல இருக்கு மேடம், தேதி சொன்னா நிமிஷத்துல எடுத்துடலாம்" என்றார். அச்சானது வேண்டாம், அச்சுக்குக் கொடுத்த தாள் வேண்டும் என்றேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அதெல்லாம் ஆறு மாசத்துல கழிச்சிடுவோம். வாய்ப்பே இல்ல." சோபாவைத் தாண்டி வெளியே வந்து, வண்டியை எடுக்கச் சந்துப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அந்த ஜன்னலையும் காலண்டர் அட்டையையும் பார்த்தேன்.

கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"யாரு தவறினது?"

"எங்கப்பா. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்க பேரு அதுல வந்துதா, வரலையா?"

"வரல."

டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் வழியாக நகர்த்தினார். "குடிங்க. உள்ள வந்து உக்காருங்க."

மேஜைக்கு அடியில் ஒரு பழைய திரைச்சீலை. அதை விலக்கினால் செருப்புக் கடை அட்டைப்பெட்டிகள், பதினொன்று. ஆபீஸ் சட்டப்படி ஆறு மாதம் ஆன தாள்களைக் கழிக்க வேண்டும். அக்காவும் ஒழுங்காகக் கழித்தார், அடித்தல் திருத்தல் இல்லாத தாள்களை. பெயர் அடித்த தாளை மட்டும் ஒன்றுகூடக் கழிக்கவில்லை. அடுக்கியிருந்த முறைதான் வேடிக்கை. செத்தவர் பெயர்ப்படி இல்லை, தேதிப்படி இல்லை. யார் பெயரை அடித்தார்களோ அவர் பெயரின் முதல் எழுத்துப்படி.

"செத்தவங்களைத் தேடி வர்றவங்க முன்பக்கம் போய்க் கம்ப்யூட்டர்ல பாத்துப்பாங்க" என்றார் அக்கா. "இது அடிச்சுப் போட்டவங்களுக்கு. அவங்களை வேற யாரும் தேடி வரமாட்டாங்க. அவங்களேதான் வரணும்."

"யாராவது வந்திருக்காங்களா?"

"நீங்க பத்தாவது ஆளு. உங்க பேரைச் சொல்லுங்க."

சொன்னேன். அக்கா நாலாவது பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் முன்பக்கத்திலிருந்து மேனேஜர் வந்துவிட்டார்.

"அக்கா, என்ன இதெல்லாம்? இந்தப் பெட்டிங்களைப் போன மாசமே கழிக்கச் சொன்னேனே!"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் கழிக்கல?"

"எனக்கு இன்னும் பத்து நாள் சர்வீஸ் இருக்கு சார். அதுவரைக்கும் இது என் மேஜை."

"வெளியாளுக்குக் காட்டக் கூடாதுக்கா. நாளைக்குப் பிரச்சினை ஆனா யாரு பதில் சொல்றது?"

"வெளியாளா?" அக்கா விரலைத் தாள்களுக்கு நடுவில் வைத்தபடியே நிமிர்ந்தார். "இவங்க பேரு இந்தத் தாள்ல இருக்கு. மேல கோடு போட்டிருந்தா இல்லாம போயிடுமா? பதில் சொல்ல வேண்டியவங்க பக்கத்துலயே கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க சார்."

மேனேஜர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். பெட்டிகளை அவர் கழிக்கவும் இல்லை. பத்தாம் நாள் அத்தனையையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இறக்கியது நான்தான். அவர் வீட்டுக்காரர் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்தார்.

அக்கா ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

தபால் ஆபீஸ் படிவம் ஒன்றின் பின்பக்கம். நீல மசி. அப்பாவின் எழுத்து, ஒவ்வொன்றும் உருண்டையாக, தள்ளித் தள்ளி. மழையில் நனைந்தாலும் விலாசம் தெரிய வேண்டும் என்று அப்படித்தான் எழுதுவார். தேதிக்கு இடம் விட்டிருந்தார். 'முப்பத்திரண்டு வருடம் இந்த ஊர்த் தெருக்களில் நடந்த தபால்காரன் நான். இன்று நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் இருப்பவர்கள்: மகன், அவன் குடும்பம்.' அண்ணன் பெயர், வேலை, விலாசம் எல்லாம் இருந்தது. அதற்கு அடுத்த வரியில் கறுப்பு மசியில் இரண்டு கோடு. கோட்டுக்கு அடியில் நான்.

'மகள்' என்று போட்டு, என் பெயர் முழுசாக. மருமகன் பெயர் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில், 'கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்.' அப்புறம் விலாசம். 'மருந்துக்கடைக் கட்டிடம், பின்பக்கம் இரும்புப் படி ஏறி, இரண்டாவது மாடி, பச்சைக் கதவு.'

அந்த வீட்டுக்கு நான் குடிபோய் அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சொந்தத்தில் ஒருத்தருக்கும் விலாசம் கொடுக்கவில்லை. இரும்புப் படி தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. சந்துக்குள் நுழைந்து, குப்பைத் தொட்டியைத் தாண்டி வந்தால்தான் தெரியும். கதவு பச்சை என்று தெரிய வேண்டுமானால் மேலேயே ஏறி வர வேண்டும். முட்டிவலிக்காரர், இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார். கதவைத் தட்டாமல் இறங்கிப் போயிருக்கிறார். தட்டியிருக்கலாமே அப்பா. கத்தியிருப்பேன், திட்டியிருப்பேன், அப்புறம் டீ போட்டுக் கொடுத்திருப்பேனே.

கோட்டுக்குப் பக்கத்தில் கறுப்பு மசியில் அண்ணன் கையெழுத்து, சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வைத்து. கல்லூரிக் கோப்புகளில் போடுகிற அதே கையெழுத்து.

அழுதேன். நாகரிகமாக எல்லாம் இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். ஜன்னலில் யாரோ வந்து நின்றார்கள், அக்கா அவர்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அழுது ஓய்ந்த பிறகு அக்கா சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம இதைக் கையில குடுத்தா எனக்குத் தூக்கம் வராது. இந்தத் தாள் வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. செத்தவரே எழுதிக் குடுத்தது என் சர்வீஸ்ல இது ஒண்ணுதான். உங்க அண்ணன் திங்கக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து, இங்கேயே, என் கண்ணு முன்னாடியே அடிச்சார். வாங்க மாட்டேன்னுட்டேன். செத்தவர் எழுதினதை அடிக்க நீங்க யாருன்னு கேட்டேன். புருஷன் பேரு இல்லாம ஒரு பொண்ணு பேரு தனியா நின்னா நாலு பேரு நாலு விதமா கேப்பாங்கன்னார். கேக்கட்டும்னேன். கையெழுத்தும் போட மாட்டேன்னார். அப்ப அந்தப் பேரு வரும்னேன். சண்டை முத்தி அச்சுக்குப் போற நேரம் தாண்டிடுச்சு. மறுநாள் பழைய மேனேஜர்கிட்ட போய் நின்னார். அவரு என்னைக் கூப்பிட்டு, பேரை விட்டுட்டு வழக்கமான மாதிரியே போட்டுத் தொலைங்கன்னார். கையெழுத்தை மட்டும் வாங்காம விடல."

விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தேன். "அப்ப அது செவ்வாய்க்கிழமை காலையில வந்திருக்க வேண்டியது."

"ஆமா."

"நேரத்தோட. மாலையில எடுக்கப் போறாங்கன்னு போட்டு."

"ஆமா. நான் பிடிச்சு வெக்காம இருந்திருந்தா நீங்க அப்பா மொகத்தைப் பாத்திருப்பீங்க."

கத்தினேன். கிளட்சுக்குக் கத்துகிற கத்தல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. "யாரைக் கேட்டுப் பிடிச்சு வெச்சீங்க? உங்க நியாயத்தைக் காட்ட எங்கப்பாதான் கெடைச்சாரா? இந்தத் தாளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, கண்ணுல ஒத்திக்கறதா?" பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அக்கா தாளை ஒரு உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். விருட்டென்று வந்துவிட்டேன்.

இரண்டு நாள் பாடம் எடுக்கவில்லை. அந்த அக்கா மேல் இருந்த ஆத்திரம் ஆறவே இல்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள். அதற்கு யார் என்ன சமாதானம் சொன்னாலும் ஈடாகாது, இன்றைக்கும் ஆகாது. ஆனால் திரும்பத் திரும்ப ஒன்று மட்டும் மனசில் வந்து நின்றது. எனக்கு அண்ணன் இருந்தான், சித்தப்பா இருந்தார், அத்தை பிள்ளைகள் ஒரு பட்டாளம் இருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை என் பெயருக்காகச் சண்டை போட்டது, என்னைக் கண்ணால்கூடப் பார்த்திராத இந்த ஒருத்திதான்.

மூன்றாம் நாள் தாளின் நகலை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இருபத்துமூன்று வருஷம் மிதிக்காத படியை மிதித்தேன். மேஜை மேல் நகலை வைத்து, "இது யார் கையெழுத்து?" என்றேன்.

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. ஆனால் வாய் குறையவில்லை. "பழசை எதுக்குக் கிளறறே? உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன். தனியா நிக்கற பேரைப் பாத்தா ஊரு சிரிக்காதா?"

"பத்தொம்பது வருஷம் பொய் சொன்னதும் என் நல்லதுக்கா?"

"அப்பாவுக்குக் கடைசியில நிதானம் இல்ல. என்னத்தையோ எழுதி வெச்சார். இதெல்லாம் துண்டுக் காகிதம். அச்சுல வந்ததுதான் எழுத்து. அதுல நீ இல்ல."

"அச்சுல வரணும், அவ்வளவுதானே?" என்றேன். "வரும்."

அங்கிருந்து நேராக அக்கா ஜன்னலுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினார். மன்னிப்பு கின்னிப்பு என்று இரண்டு பேரும் பேசவில்லை.

"இதை அச்சுல போடணும்க்கா. திருத்தம்னு போட முடியுமா?"

"திருத்தம் ஒரு வாரத்துக்குள்ள கேட்டாத்தான் போடுவாங்க." அக்கா இழுப்பறையைத் திறந்து வேறு ஒரு படிவத்தை எடுத்தார். "நினைவு அறிவிப்புக்கு அந்தத் தகராறு இல்ல. யாரு வேணா, எப்ப வேணா, யாரை வேணா நினைக்கலாம். வருஷம் கேக்க இதுல கட்டமே கெடையாது."

அப்பாவின் தாளை அக்கா ஒவ்வொரு வார்த்தையாகப் படிக்க, நான் படிவத்தில் எழுதினேன். தபால்காரன் நான். இன்று நின்றுவிட்டேன். அண்ணன் பெயர், அவன் வேலை, அவன் விலாசம். பிறகு என் பெயர், என் வேலை, இரும்புப் படி, பச்சைக் கதவு. எழுதி முடித்ததும் பழக்க தோஷம், அக்கா கேட்டார்.

"இன்னும் யாரு?"

"அவ்வளவுதான்க்கா."

"இன்னும் யாரு?"

"அவ்வளவுதான்."

மூன்றாவது தடவை அவர் அதைக் கேட்கவில்லை. பேனாவை என் பக்கம் திருப்பி நீட்டினார். "எதையாவது அடிக்கணுமா?"

அண்ணன் பெயர் என் கைக்கு நேரே இருந்தது. கை அரித்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? நானும் ஒரு சுழி சுழித்துக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அவனும் பேப்பரைப் பிரித்து நாலு தடவை தேடட்டும் என்று தோன்றியது. தலைக்கு மேலே காலண்டர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அப்பா தனக்குப் பிள்ளைகள் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறார். அவர் எழுதினதை ஒருத்தர் அடித்தது போதும்.

"வேண்டாம்க்கா. அவர் எழுதினது அப்படியே போகட்டும்."

இரண்டு நாள் கழித்து வந்தது. அப்பா படம், அவர் வார்த்தைகள், கீழே 'இப்படிக்கு மகள்' என்று நான். காலை ஏழரைக்கு அண்ணன் மகளிடமிருந்து செய்தி வந்தது. 'இப்ப எழுத்துல இருக்கு அத்தை. புஸ்தகத்துல ஏத்திட்டேன். தாத்தா எழுதின உங்க வேலையையும் சேத்து.'

எட்டு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். வண்டியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

"என் பேரை யாரைக் கேட்டுடி உன் பேரோட சேத்துப் போட்டே? காலையிலேர்ந்து போன் மேல போன். உனக்கு ஒரு தங்கச்சி இருக்காளா, எங்கே இருக்கா, ஏன் சொல்லவே இல்லன்னு ஊரே கேக்குது! நான் என்னன்னு பதில் சொல்றது?"

"நான் எதுவும் சேக்கலண்ணே. அது அப்பா எழுதினது. பிடிக்கலேன்னா பேப்பர் ஆபீஸ் சந்து ஜன்னலுக்குப் போ. அக்கா இன்னும் அஞ்சு நாள் இருப்பாங்க. தாராளமா அடிச்சுக்கோ, பக்கத்துல கையெழுத்துப் போடணும்."